உரானி படித்த ஒன்றரைப் பக்கம்

அல்பேனியாவில், எங்கள் கோர்ச்சா ஊரில் உரானி என்றொரு சலவைக்காரி இருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகன் லாம்பி, பிழைப்புக்காக ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகருக்குப் போய் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தான். அவன் கடிதங்கள் கிரேக்கத்தில்தான் வரும். ஊர்ப் பள்ளியில் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதானே. பாதிரியார் படித்துப் பார்த்துவிட்டு, "சுகமா இருக்கானாம்" என்று முடித்துவிடுவார்.

ஒருமுறை லாம்பி சொல்லியனுப்பினான்: "இங்க நம்ம பாஷையிலயே எழுதக் கத்துக்கிட்டேம்மா. நீயும் கத்துக்க."

அல்பேனிய எழுத்தை, அப்போது எங்களை ஆண்ட துருக்கிச் சுல்தானின் அரசு தடை செய்திருந்தது. ஆசிரியை பராஷ்கேவி தன் சமையலறையில் எங்களில் சிலருக்கு ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தாள். நாற்பத்தைந்து வயதில் உரானியும் வந்து உட்கார்ந்தாள்.

வசந்தத்தில், ஊருக்கு வந்த ஒருவர் கையில் லாம்பி நம் பாஷையில் எழுதிய கடிதம் வந்தது. நான்கு பக்கம். உரானி எழுத்துக்கூட்டி நாளுக்கு மூன்று வரி படிப்பாள். முதலாளியின் மீசையில் எப்போதும் மாவாம். வருகிறவர்கள் தாத்தா என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருமாம். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"குடு அக்கா, நான் ஒரே மூச்சுல படிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"போடி! எம்புள்ள இப்பத்தான் என்கிட்ட நேரா பேசுறான். நடுவுல நீ எதுக்கு?"

ஒன்றரைப் பக்கம் முடிந்திருந்தபோது காவலர்கள் ஆசிரியையின் வீட்டுக்குள் புகுந்தார்கள். அரிச்சுவடிகளோடு அவள் கையிலிருந்த கடிதத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஆசிரியையை ஊரைவிட்டே துரத்தினார்கள்.

உரானி கடிதத்தைக் கேட்டு ஒன்பது நாள் காவல்நிலைய வாசலில் நின்றாள்.

"எல்லாத்தையும் எரிச்சாச்சும்மா" என்றான் சேவகன். அவனும் நம் பாஷைக்காரன்தான்.

"என்ன எழுதியிருந்துச்சுன்னாவது பாத்தியாப்பா?"

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்?"

மறுபடி எழுதச் சொல்லி மகனுக்குத் தன் கையாலேயே எழுதினாள். பதில் இல்லை.

திராட்சை பறிக்கும் காலத்தில், லாம்பியோடு ஒரே அறையில் தங்கியிருந்த தோடி ஊர் திரும்பினான்.

"ஏன் நீங்க வரல? கடைசிவரைக்கும் கதவையே பாத்துட்டுக் கெடந்தான்."

"எந்தக் கடைசிடா?"

"இருமினா ரத்தம் வருது, ஒருதடவ வந்துட்டுப் போம்மான்னு எழுதினானே! எடுத்ததும் சொன்னா பயந்துருவீங்கன்னுதான் சிரிப்பா ஆரம்பிச்சான்."

உரானி அழவில்லை. என் பக்கம் திரும்பி, "உங்கிட்ட குடுத்திருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான்.

சில ஆண்டுகள் கழித்து நம் மொழிப் பள்ளியை வெளிப்படையாகவே திறந்தார்கள். பிள்ளைகள் உரக்கப் படிப்பது தெருமுனைவரை கேட்கும். துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு உரானி மட்டும் அந்தத் தெருவை விட்டு ஆற்றுவழியாகச் சுற்றிப் போவாள்.