மைக்செட்டு போட்ட அமெரிக்கக் கோட்டு

மைக்செட்டு என்றால் அந்த டிப்போவில் தெரியாதவர் கிடையாது. பஸ் கண்டக்டர். பின்சீட்டில் நின்று ஒரு குரல் கொடுத்தால் முன்சீட்டில் தூங்கும் குழந்தை அலறிக்கொண்டு எழும். சும்மாவா வைத்தார்கள் அந்தப் பெயரை! டிப்போ நாடகக் குழுவில் அப்பா வேஷம் அவருக்குக் கிடைத்ததும் அந்தக் குரலால்தான்.

நாடகம் லேசுப்பட்டதில்லை, பழைய அமெரிக்க நாடகம். பிள்ளை தன் கண்முன்னாலேயே வாழவேண்டும் என்று கனவு காணும் அப்பா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் பிள்ளை. எழுதியவர் என்னவோ மகன் என்றுதான் எழுதியிருந்தார். நடிக்கப் பையன் ஒருவனும் அகப்படாததால், டைரக்டராக இருந்த வொர்க்‌ஷாப் மேஸ்திரி அவனை மகளாக்கிவிட்டார். நடிக்க வந்தவள் மைக்செட்டின் சொந்த மகளேதான்!

அங்கேதான் வினை. அவளுக்குத் தூரத்து நகரத்தில், கப்பலுக்கு வரைபடம் போடும் ஆபீசில் வேலை கிடைத்தது. டிப்போ ஆபீசிலேயே அவளை உட்காரவைக்க ஆசைப்பட்டிருந்த மனுஷன் குதியோ குதி என்று குதித்தார். கோபத்தில் நாடக வசனத்தையே எடுத்து வீசினார்: "நீ போனா எனக்கு மகளே கிடையாது!"

அவளும் அவர் ரத்தம்தானே. "நீங்க வாயத் திறந்து போன்னு சொல்லாம நான் ரயில் ஏறமாட்டேன்" என்றாள்.

அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. ஒத்திகையில் மட்டும் பொரிந்து தள்ளினார்கள். "வீட்டுல ரெண்டும் ஊமை, இங்க வந்தா வாய் கிழியுது. அந்த அமெரிக்காக்காரருக்குத்தான் நான் கும்பிடு போடணும்" என்பாள் மைக்செட்டின் மனைவி.

நாடகத்தன்று மாலையும் வந்துவிட்டது. மறுநாள் காலை ரயில். அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை.

கேன்டீன் ஹாலில் கூட்டமான கூட்டம்! டிரைவர்களும் கண்டக்டர்களும் பிள்ளைகுட்டிகளோடு வந்து, உட்கார இடமில்லாமல் ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றார்கள். மைக்செட்டுக்குப் போட்டோ ஸ்டூடியோவில் இரவல் வாங்கிய கோட்டு; கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. அதனால் என்ன? முதல் வசனத்துக்கே விசில் பறந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வெளுத்து வாங்கினார்.

பெட்டிக் காட்சி வந்தது. மேடையில் வீட்டுக் கதவாக நின்றது, கழித்துப்போட்ட பஸ்ஸிலிருந்து மேஸ்திரி படியோடு கழற்றி மாட்டிய கதவு. மகள் பெட்டியோடு படியில் கால் வைத்தாள். அவர் கதவை மறித்து அந்த வசனத்தைச் சொல்லவேண்டும். ஆனால் ஆயுசு முழுக்க அந்தத் தகரத்தில் பழகிய கை சும்மா இருக்குமா? பட் பட் என்று இரண்டு தட்டு!

"போலாம், ரைட்!"

ஹால் அதிர்ந்தது. ஒரு டிரைவர் வாயாலேயே கியர் மாற்றினார். திரைக்குப் பின்னால் மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "மகளே கிடையாதுன்னு சொல்லுய்யா!"

மகள் மட்டும் சிரிக்கவில்லை. படியிலேயே நின்று திரும்பினாள். வசனத்தில் இல்லாத கேள்வி ஒன்று கேட்டாள்.

"அப்பா... நெஜமாவா?"

மைக்செட்டு மேஸ்திரியைப் பார்த்தார், முன்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். அவர் குரல் முதல் தடவையாக அடங்கி வந்தது. கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது.

"கை தெரியாம தட்டிருச்சும்மா. ஆனா ரைட்டு குடுத்த வண்டிய நிறுத்துற ஆளில்ல நான். போம்மா. போய் இறங்கினதும் போன் பண்ணு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

சொல்லை மீறிப் போய்விட்ட பிள்ளையை நினைத்து அப்பா உடைந்து அழும் கடைசிக் காட்சி இன்னும் பாக்கி இருந்தது. ஒத்திகையில் ஒரு நாளும் அவருக்கு அழுகை வந்ததில்லை, வெங்காயம்கூட வைத்துப் பார்த்தாயிற்று. அன்றோ, தானே போகச் சொல்லி அனுப்பிய மகளுக்காக, திரை போட்ட பிறகும் அழுதுகொண்டிருந்தார்.