ஒரே பதில் கேட்ட கெமிஸ்ட்ரி சார்

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை பார்த்தேன். நான் கழுவியதில் கறை இருந்ததாக ஒருத்தரும் சொன்னதில்லை.

அங்கே கெமிஸ்ட்ரி சார் ஒருத்தர். ஒல்லி உடம்பு, கழுத்து வரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை. மற்றவர்கள் மாதிரி நின்று பாடம் நடத்த மாட்டார். பிள்ளைகளை ஐந்தைந்து பேராக உட்கார வைத்து, "நீங்களே பேசி ஒரே பதிலா சொல்லுங்க, மார்க்கு எல்லாருக்கும் சேர்த்துத்தான்" என்பார். அப்புறம் சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டு பின்னால் நிற்பார். வாயே திறக்காத பிள்ளைகள்கூட அங்கே சண்டை போட்டுப் பேசும்.

ஒருநாள் ஆசிட்டும் தண்ணீரும் கலக்கிற பாடம். சாரிடம் பதில் சொன்ன பிறகுதான் ஊற்ற வேண்டும். ஒரு மேசை அவசரப்பட்டு ஆசிட்டுக்குள் தண்ணீரை ஊற்றிவிட்டது. சீறித் தெறித்தது. ஊற்றியவள் நம்ம தமிழ்ப் பிள்ளை. அவள் கையைக் குழாயடியில் பிடித்திருந்தது நான்தான். தோல் வெந்து வெளுத்திருந்தது.

"தண்ணியிலதான் ஆசிட்டை ஊத்தணும்னு தெரியாதாம்மா?" என்றார் சார்.

"தெரியும் சார். மத்த நாலு பேரும் மாத்திச் சொன்னாங்க. நீங்கதானே ஒரே பதில் வேணும்னீங்க."

மறுநாள் சார் மேசைகளைத் தானே இழுத்து வரிசையாகப் போட்டார்.

"நானும் பிடிக்கட்டுமா சார்?" என்றேன்.

"வேணாம்க்கா."

அதற்குப் பிறகு அந்த வகுப்பில் அவர் குரல் மட்டும்தான் கேட்டது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. நல்லவர் என்று, அந்தக் கையைப் பிடித்தவள் எப்படிச் சொல்வேன்?