ரோஜா முள்ளில் துரு ஏது?

ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் அறையில் அவளுக்கு இது பதினேழாவது வருஷம். அப்பா அம்மா வைத்த பேர் வேறு. ஆனால் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் ஊசியக்காதான். ஆணி குத்தியவர், தகரம் கிழித்தவர், நாய் கடித்தவர், யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"கடைசியா டிடி ஊசி எப்போ போட்டீங்க?"

வந்தவர் விட்டத்தைப் பார்ப்பார். யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆணி புத்தம் புதுசுங்க, துருவே இல்லை" என்பார், ஆணிக்காக ஜாமீன் கேட்க வந்தவர் மாதிரி.

"துரு ஒண்ணும் பண்ணாதுங்க. கிருமி மண்ணுல இருக்கு, சாணியில இருக்கு, தெருத் தூசியில இருக்கு. ஆழமா குத்தின இடத்துல காத்து போகாது பாருங்க, அங்கதான் அதுக்குக் கொண்டாட்டம். விஷத்தைக் கக்கும். அது நரம்புல ஏறினா முதல்ல தாடை பூட்டிக்கும்."

தொண்டைத் தண்ணீர் வற்ற இதைச் சொல்வாள். வந்தவர் தலையாட்டுவார். அடுத்த முறை வேறொரு ஆணியோடு வந்து அதே விட்டத்தைப் பார்ப்பார். செவிடன் காதில் சங்கு ஊதுகிறோமோ என்று அவளுக்கே அலுத்துப்போன நாட்கள் உண்டு.

ஊருக்கெல்லாம் ஊசி போட்டவள் வீட்டிலேயே ஊசி படாத கை ஒன்று இருந்தது. அவள் கணவருடைய கை. நாற்றுப் பண்ணையில் ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டுவது அவர் வேலை. தொழுவுரத்தை வெறுங்கையால் பிசைந்து, அதே கையால் செடியைத் தடவிக்கொடுப்பார். சின்ன வயதில் என்ன போட்டார்கள், போட்டார்களா இல்லையா, யாருக்கும் தெரியாது. நாலு வருஷமாக அவளும் கேட்டுப் பார்த்தாள்.

"மண்ணுலயே புரண்ட உடம்பும்மா இது. மண்ணு என்னை என்ன பண்ணிடும்?" என்பார். இன்னும் நெருக்கினால், "லீவு கிடைக்கட்டும்" என்பார். லீவு கிடைத்த அன்றைக்குத் தூங்கிவிடுவார்.

அந்த வியாழக்கிழமை காலையில் ரொட்டியைக் கடிக்க வாயைத் திறந்தவருக்குப் பாதிக்கு மேல் திறக்கவில்லை. தாடையைப் பிடித்துக்கொண்டு, "கடைவாய்ப் பல்லு கழுத்தறுக்குது" என்றார். அவள் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பல் டாக்டரைப் போய்ப் பாருங்க" என்று வாசலில் இருந்தே சொல்லிவிட்டு ஓடினாள்.

பல் டாக்டர் தட்டிப் பார்த்தார், பல்லில் கோளாறில்லை என்றார், வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் வேலை முடிந்து வந்தபோது அவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். உதடு இரண்டு பக்கமும் இழுபட்டு, புருவம் ஏறி, அவளைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார். காலையிலிருந்து நின்று நின்று கால் கடுத்தவளுக்கு எரிச்சல் வந்தது.

"என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?"

சிரிப்பு மாறவில்லை. அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். அது சிரிப்பே இல்லை. முகத்துத் தசை இழுத்துப் பிடித்திருந்தது. பயிற்சிக் காலத்தில் புத்தகத்துப் படத்தில் பார்த்த ரணஜன்னி முகம், சொந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"கையைக் காட்டுங்க."

வலது கட்டைவிரலுக்குக் கீழே கடுகளவு கறுப்புப் புள்ளி. சுற்றிலும் லேசான சிவப்பு, அவ்வளவுதான். இப்படி ஒரு காயத்தோடு யாராவது ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் அங்கே மற்றவர்கள் சிரித்து அனுப்பியிருப்பார்கள்.

"எப்போ குத்துச்சு?"

"போன வாரம்... புதன்" என்றார், கடித்த பல் வழியாக. "ரோஜா முள்ளு."

"ஏங்க சொல்லலை?"

"சொன்னா நீ ஊசியத் தூக்கிட்டு வருவே."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியம்தான் அவள் காதில் குடைந்தது.

அங்கே முள் குத்திய இடத்தைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். உள்ளே முள்ளின் முனை முறிந்து கிடந்தது. விஷத்தை முறிக்கும் ஊசி, கிருமிக்கு மருந்து, தசையைத் தளர்த்த மருந்து எல்லாம் ஏறியது. தடுப்பூசியின் முதல் தவணையையும் அப்போதே போட்டார்கள். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்களுக்குத் தெரியாததில்லை சிஸ்டர். ரத்தத்துல சுத்தற விஷத்தைத்தான் முறிக்க முடியும். நரம்புல ஏறிட்டதை இறக்க மருந்து கிடையாது. அதுவா விலகற வரைக்கும் அவரைக் காப்பாத்தி வெச்சிருக்கணும். வாரக்கணக்குல ஆகும்."

தெரியும்தான். தெரிந்து என்ன புண்ணியம்?

இருட்டாக்கிய அறையில் அவரைப் படுக்க வைத்தார்கள். வெளிச்சம், சத்தம், தொடுகை எதுவும் ஆகாது, இழுப்பு வந்துவிடும். நாத்தனார் செய்தி கேட்டு ஓடி வந்தவர், அவள் தடுப்பதற்குள் கதவைத் தள்ளி, "ஐயோ தம்பி!" என்று வாய்விட்டு அலறிவிட்டார். அவ்வளவுதான். படுத்திருந்தவர் உடம்பு வில்லாக வளைந்தது. குதிகாலும் பின்தலையும் மட்டும் படுக்கையில் பட்டன. முகம் கறுத்தது. கண் மட்டும் முழு நினைவோடு அவளையே பார்த்தது. அந்த நோயின் கொடுமையே அதுதான், வலிக்கிற ஒவ்வொரு நொடியும் ஆளுக்குத் தெரியும்.

நர்சுகள் ஓடி வந்தார்கள். அவள் நாத்தனாரை வெளியே இழுத்து வந்தாள்.

"அண்ணி, உங்க வாயைக் கொஞ்சம் மூடுங்க!"

இருபது வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "ஊசி போடற உனக்கே தெரியலையாம்மா?" என்றார். குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் சுருக்கென்று தைத்தது. பல் டாக்டரைப் பாருங்க என்று சொன்ன வாய் இவளுடையதுதானே.

அன்று சாயங்காலமே மூச்சுத் திணறியதால் தொண்டையில் துளை போட்டு இயந்திரத்தில் வைத்தார்கள். பத்தொன்பது நாள். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அவள் தவித்தாள். அவரைத் திட்டலாமென்றால், திருப்பிப் பேச முடியாதவரைத் திட்டி என்ன வரும்? நடுவில் ஒருநாள் நாற்றுப் பண்ணைக்குப் போனாள். அங்கே வேலை செய்யும் பதினோரு பேரையும் ஊசிக்கு வரச் சொன்னாள். வந்தது நாலு பேர். மற்றவர்களைக் கேட்டால், "அவருக்கு நேரம் சரியில்லைக்கா" என்றார்கள். நேரத்துக்கு எந்தத் தோளில் ஊசி போடுவது?

இயந்திரத்தை எடுத்த பிறகும் அவர் எழுந்து நிற்கப் பத்து நாள் ஆயிற்று. வற்றிப்போய், கம்பைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அந்த வாரமே இரண்டாம் தவணை. அவள் ஊசியோடு பக்கத்தில் போனதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அதான் வந்துட்டுப் போயிடுச்சே. இனிமே எதுக்கு?"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"இது அம்மை இல்லைங்க, ஒரு தடவை வந்தா போதும்னு விட. ரணஜன்னி வந்தவங்களுக்கு மறுபடியும் வரும். அந்தத் துளி விஷத்தை உடம்பு அடையாளமே வெச்சுக்காது. ஊசி மட்டும்தான் காப்பாத்தும்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார்.

அடுத்த இரண்டு நாளும் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தோளைக் காட்டிப் புலம்பினார். "தூக்கவே முடியலைங்க. இவ கை அவ்வளவு கனம்." இருட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொண்டைத் துளையைப் பற்றியும் இல்லை. அவள் அடுப்படியில் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக அடுக்கினாள். இனி அவருக்குச் சத்தம் ஆகும்.

"அடுத்தது எப்போ?" என்றார் வந்தவர்கள் போன பிறகு.

"ஆறு மாசம் கழிச்சு. அப்புறம் பத்து வருஷத்துக்கு ஒண்ணு."

"சரி, அப்போ பாத்துக்கலாம்."

அவள் காலண்டரில் தாள்களைப் புரட்டி, அந்தத் தேதியைச் சுற்றிப் பேனாவால் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி வட்டம் போட்டாள்.