சவப்பெட்டியில் வந்த அபின்

அமெரிக்காவில், சுகர் லேண்ட் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு நாடகம் போட ஒப்புக்கொண்டிருந்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் ஷாங்காய் துறைமுகத்தில் நடந்த அபின் கடத்தல்தான் கதை என்றதும் விழாக் குழுத் தலைவரின் முகம் சுருங்கியது.

“மேடம், ஜனங்க ஃப்ரீவேல அவ்ளோ தூரம் டிரைவ் பண்ணி வர்றாங்க. காமெடி ஸ்கிட் ஏதாவது பண்ணலாமே?”

“இதையும் உக்காந்து பாப்பாங்க சார்,” என்றேன். உள்ளூர எனக்கும் சந்தேகம்தான்.

கதையைச் சொன்னவர் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி. அவருடைய கொள்ளுத்தாத்தா அந்தத் துறைமுகத்தில் கப்பல்களைச் சோதனை போட்ட சுங்கக் காவலர். தடை வந்த பிறகும் நிலக்கரிக்குள்ளும் அரிசி மூட்டைக்குள்ளும் அபின் வந்துகொண்டே இருந்ததாம். ஒருமுறை ஒரு விதவை கொண்டு வந்த சவப்பெட்டியையே அவர் சோதிக்க வேண்டி வந்ததாம். நம் இந்தியாவில் விளைந்த அபினும் அதில் உண்டு என்று அந்தப் பெண்மணி சொன்னபோது சங்கடமாக இருந்தது. அதையும் வசனத்தில் சேர்த்தேன்.

என் கணவர்தான் காவலர். நான் விதவை. டான்ஸ் ஆட வந்த நாலு பேரைச் சவப்பெட்டி தூக்கப் பிடித்துப் போட்டேன். பெட்டி, ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி. கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தோம்.

திரை விலகியபோது பாதிப் பேர் செல்போனில் இருந்தார்கள்.

“நோயில உருகி எலும்பும் தோலுமா போயிட்டாரே” என்று நான் ஒப்பாரி வைத்தேன். கணவர் பெட்டியைச் சுற்றி வந்தார். திறந்து உள்ளே பிணம் இருந்தால் காவலருக்கு வேலை போகும், ஊரே அடிக்க வரும். அவர் தூக்கி வந்தவர்களைப் பார்த்தார்.

“எலும்பும் தோலும்னா, இவங்க நாலு பேருக்கும் ஏம்மா இப்படி மூச்சு வாங்குது?”

செல்போன்கள் கீழே இறங்கின. கணவர் மூடியை நெம்பினார். உள்ளே அபின் உருண்டைகள். பழுப்புத் தாள் சுற்றிய தேங்காய்கள்தான். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். எழுந்த கைதட்டலில் என் கடைசி வசனம் யாருக்கும் கேட்கவில்லை. அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

முன்வரிசையில் இருந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி மேடைக்கே ஏறி வந்து என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கள் பேசியது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் மூடியைத் திறக்கும்வரை நான் மூச்சே விடவில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பிறகு சாப்பாட்டு வரிசையில், தட்டில் சர்க்கரைப் பொங்கலோடு, பாராட்ட வந்த ஒவ்வொருவரிடமும் தலை நிமிர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்: “அது எங்கள் வீட்டுக் கதை.”