கயாவில் விட்டவை

கயாவுக்குப் போகிறவர்கள் ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை என்று விட்டுவிட்டு வருவது வழக்கம். நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். பாகற்காயையும், பல் போன வயதில் கொய்யாவையும் விட்டுவிட்டுப் புண்ணியத்தோடு வீடு திரும்புவார்கள். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ராஜாராமனுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. தொண்ணூற்றாறில் போனபோது, உயிராக இருந்த கத்தரிக்காயையும் வாழைப்பழத்தையும் விட்டார். முந்தின வருஷம் இறந்த மனைவி காமுவுக்கு அது போய்ச் சேரட்டும் என்று விட்டார்.

மற்றவர்களுக்குக் கயா வாழ்நாளில் ஒரு தடவை. கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருப்பவருக்கோ, ஹௌராவில் சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் காலையில் கயா. அதுதான் வினையாகப் போயிற்று.

காமு அவருக்குப் பரிமாறிவிட்டுத்தான் சாப்பிடுவாள். சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே, "நீ சாப்டியோ?" என்று குரல் கொடுப்பார். "ஆச்சு" என்று அடுக்களையிலிருந்து பதில் வரும். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவுதான் விசாரணை. எழுந்து போய் அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் போன அன்று தங்க வளையல்களைக் கழற்றிய பெண்கள்தான் பார்த்தார்கள். நழுவாமலிருக்க உள்பக்கம் நூல் சுற்றி வைத்திருந்தாள். பழைய நூலின் மேல் புது நூல், அதற்கும் மேல் இன்னொன்று, விரல் கனத்துக்கு இருந்தது. வயசாகிவிட்டது என்றார் டாக்டர். ஆனால் அந்த நூலைப் பார்த்த மனுஷனுக்கு அப்புறம் ஏது நிம்மதி?

பிள்ளை குட்டி கிடையாது. முதல் தடவை கயாவிலிருந்து திரும்பி, மத்தியானம் கண்ணயர்ந்தபோது காமு வந்தாள். அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள். கன்னம் ஒட்டியிருந்தது. "பசிக்கிறது" என்றாள். ஐயோ, விட்டது போதவில்லை போலிருக்கிறதே என்று பதறிப்போனார். அடுத்த வருஷம் உருளைக்கிழங்கையும் கீரையையும் விட்டார். பிறகு பால், தயிர். ஒரு வருஷம் ராத்திரிச் சோற்றை விடுகிறேன் என்றார். சடங்கு செய்துவைக்கிற பண்டா ஒரு மாதிரி பார்த்துவிட்டு மந்திரத்தைச் சொன்னார். காமு முன்னைவிட அடிக்கடி வந்தாள். முன்னைவிட மெலிந்தும் வந்தாள்.

இரண்டாயிரத்தொன்றில், ஒரு தொண்டு நிறுவனம் தமிழ்ச் சங்கத்து ஹாலில் வயதானவர்களுக்குச் சத்துக்குறைவு இருக்கிறதா என்று பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ராஜாராமனை இழுத்துக்கொண்டு போனார்கள். அவரைப் பரிசோதிக்க வாய்த்தவள் மஹிமா. கல்கத்தாவிலேயே பிறந்த தமிழ்ப் பெண். வங்காளத்தில் யோசித்துத் தமிழில் பேசுகிறவள். எடை பார்த்தாள். கெண்டைக்காலில் நாடாவைச் சுற்றினாள்.

"மூணு மாசமா சாப்பாடு குறைஞ்சிருக்கா, மாமா?"

"இல்லையே." பொய் இல்லை. குறைந்ததெல்லாம் அதற்கு முன்பே குறைந்துவிட்டது.

"கெண்டைக்கால் சுற்றளவு முப்பத்தொண்ணு சென்டிமீட்டராவது இருக்கணும். உங்களுக்கு இருபத்தேழுதான். டெய்லி பால் குடிங்க."

"விட்டாச்சும்மா."

"பருப்பு?"

"போன வருஷம் விட்டேன்."

"வாழைப்பழம்?"

"அது முதல் வருஷமே."

"கேனோ, மாமா? எதுக்காக விட்டீங்க?"

சொன்னார். சொல்லி முடித்ததும், "இந்தப் பரிசோதனைக்கு எத்தனை நாழியாகும்?" என்று கேட்டார்.

"பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம். காமுவின் கையைப் பிடித்துப் பார்க்க அதுகூட வேண்டியிருக்காது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கத்தான் ஆள் இல்லை. அத்தனை பேர் நடுவில் ராஜாராமன் வாய்விட்டு அழுதார்.

மஹிமா சின்னப் பெண். பூசி மெழுகத் தெரியாது. "மாமா, பசிக்கறது மாமிக்கில்லை, உங்களுக்கு. பசியோட படுத்தா அப்படித்தான் கனவு வரும். நீங்க விட்டதுல ஒரு வாய்கூட மாமிக்குப் போகலை" என்று சொல்லிவிட்டு, ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தாள்.

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் வயிறு கேட்கவில்லை. அந்தப் பழத்தையும் தின்றார், இன்னொன்றையும் தின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதற்குப் பிறகு மஹிமா வாராவாரம் வீட்டுக்கே வந்து அடுக்களையில் பாத்திரங்களைத் திறந்து பார்த்தாள். பால் வந்தது, பருப்பு வெந்தது. நடக்கும்போது இருந்த தள்ளாட்டம் நின்றது. காமு மட்டும் முதலில் வாரம் ஒரு தடவை என்று ஆனாள். பிறகு முகம் தெரியாமல் முதுகு மட்டும் தெரிந்தது. துர்கா பூஜை வந்து போனது, அவள் வரவில்லை.

குளிர்காலத்தில் மறுபடியும் அதே ஹாலில் எடை பார்த்தார்கள். "தாருண், மாமா! பிரமாதம்! மூணு கிலோ ஏறியிருக்கு!" என்று மஹிமா கை தட்டினாள்.

ராஜாராமன் எடை மெஷினை விட்டு இறங்கவில்லை.

"அவ வரலேம்மா," என்றார். "பசிச்சாத்தான் வருவா போலிருக்கு. ஒருவேளை, இந்த உடம்போட என்னை அவளுக்கு அடையாளம் தெரியலையோ என்னமோ."

மஹிமா கை தட்டுவதை நிறுத்தினாள். "சாப்பிடாம இருந்துடாதீங்க, மாமா" என்று மட்டும் கெஞ்சினாள்.

வீட்டுக்கு வந்து பருப்புஞ்சாதம் பிசைந்துகொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கவளமும் காமுவை இன்னும் ஓரடி அப்பால் தள்ளுகிறது என்று தெரிந்தேதான் சாப்பிட்டார்.