ஷகிலா ஆபாவின் கேமரா

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பார்ப்பது என் வேலை. கூட வேலை செய்யும் ஷகிலா அக்கா, எங்களுக்கெல்லாம் ஷகிலா ஆபா, காலமான தன் அப்பாவின் கேமராவைப் போன மாதம் கொண்டுவந்தார். இழுத்தால் துருத்தி போல விரியும் பழைய மடக்கு கேமரா. "மடிப்புல தோல் கிழிஞ்சிருக்கு தம்பி, சரி பண்ணித் தர்றியா?"

ஜெர்மனியில் செய்தது. மெல்லிய தோலைத் துணியோடு ஒட்டி மடித்திருந்தார்கள். அந்த வேலைப்பாட்டைப் பார்க்கும் ஆசையில், மொட்டைமாடி வெயிலில் பின்மூடியைத் திறந்துவிட்டேன். உள்ளே எடுத்து முடித்த ஃபிலிம் சுருள் இருந்தது. வெளிச்சம் பட்டால் படம் போய்விடும் என்று தெரியும். சட்டென்று மூடினேன்.

மறுநாள் ஆபா, "உள்ள ஃபிலிம் இருந்துச்சா?" என்று கேட்டார். "இல்ல ஆபா" என்றேன்.

"நான் கைக்குழந்தையா இருக்கும்போதே என்னப் பெத்த அம்மி இறந்துட்டாங்க. வீட்டுல அவங்க போட்டோ ஒண்ணுகூட இல்ல. அதுல இருக்கும்னு நெனச்சேன்."

அதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். ஆபா, "இருக்கறத கழுவிப் பாக்கலாம்" என்றார்.

ஃபிலிமைக் கழுவச் சென்னைக்கு அனுப்பினோம். எட்டுப் படங்களில் ஏழு வெளிச்சம் பட்டு வீணாகியிருந்தன. சுருளின் உள்பக்கம் இருந்த முதல் படம் மட்டும் தப்பியிருந்தது. கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண். பள்ளிகொண்டாவிலிருக்கும் ஆபாவின் பெரியம்மா பார்த்ததுமே, "உங்கம்மிதான்" என்று அழுதாராம்.

படத்தை ஆபா கம்பெனி முழுக்கக் காட்டினார். "தம்பிதான் எடுத்துக் குடுத்தான்" என்றார். மற்ற ஏழு படங்களைப் பற்றி இன்றுவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் நான் இங்கே சொல்கிறேன்.