கீழ்வரியிலிருந்து வாசித்தல்

யுத்தத்துக்கு முந்திய வருடங்களில் வவுணதீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் ஒருவன்தான் வாத்தியார். எழுத்துப் படிக்கத் தொடங்கும் அரிவரி வகுப்புப் பிள்ளைகள் முதற் புத்தகத்தை ராகம் போட்டுச் சொன்னால், வாவியில் தோணி வலிக்கிறவர்களுக்கும் கேட்கும். அதில் எனக்குக் கொஞ்சமல்ல, நிறையவே கர்வம்.

ஒருநாள் பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி வந்தார். பிள்ளைகள் பாடி முடிக்கும்வரை கேட்டார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "இப்படிப் பாடுற பிள்ளைகளில கனபேர் எழுத்தைப் பார்க்கிறதில்லை. மற்றப் பள்ளிக்கூடங்களில சோதிச்சுப் பார்த்தாச்சு. நீரும் கடைசி வரியிலயிருந்து மேல வாசிக்கச் சொல்லிப் பாரும்" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"என்ட வகுப்பு எனக்குத் தெரியும் ஐயா."

அவர் வற்புறுத்தவில்லை. "உம்முடைய வகுப்பு, உம்முடைய விருப்பம்" என்று சொல்லித் தோணி ஏறினார். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

முதல் வரிசையில் ஒரு வயற்காரரின் மகள் இருந்தாள். ராகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. பக்கத்தைக்கூடச் சரியான இடத்தில் புரட்டுவாள். அடுத்த வருடம் புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் வாயடைத்துப் போனாள். சோம்பல் என்று நினைத்து அடித்தேன். மாதக்கணக்கில் அடித்தேன். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தகப்பன் வந்தார்.

"புள்ளைக்குப் படிப்பு ஏறல்ல வாத்தியார். மறுகா என்னத்துக்கு இஞ்ச இருந்து அடி வாங்கணும்? வட்டைக்கு வயல் வேலைக்குக் கூட்டிப் போறன்."

நானும் தலையாட்டினேன்.

ஆனால் அவள் இருந்த இடத்தைப் பார்க்கப் பார்க்க மனம் கேட்கவில்லை. இவ்வளவு நன்றாகச் சொன்ன பிள்ளைக்கு என்ன வந்தது? ஒரு காலை, வித்தியாதரிசி சொன்னபடி, அந்த வருடத்து அரிவரிப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கடைசி வரியில் விரல் வைத்து வாசிக்கச் சொன்னேன். பாதிப்பேர் என் விரல் இருந்த இடத்தைப் பாராமல் முதல் வரியைப் பாடினார்கள்.

அன்றே வட்டைக்கு நடந்தேன். அவள் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். தகப்பன் தோள் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வரம்புக்கு ஓடிவந்தார்.

"புள்ளையில பிழையில்ல. நான் படிப்பிச்சதுதான் பிழை. திருப்பி அனுப்புங்க" என்றேன்.

அவர் பதறிப்போனார்.

"அப்பிடிச் சொல்லாதீங்க வாத்தியார். வாத்தியார்ட படிப்பிப்பில பிழை வருமா? இது இவள்ட தலையெழுத்து."

எத்தனை தடவை சொன்னேன்! அவர் நம்பவில்லை. சேற்றில் நின்றபடி அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தகப்பன் சொன்னதையே அவளும் நம்பினாள்.